மூன்றாம் பலகையைத் தின்றது யார்?

அத்தியாயம் 5

ஆண்களே, இடப்பக்கம் செல்லுங்கள்! பெண்களே, வலப்பக்கம் செல்லுங்கள்! கட்டிய கணவனும் கைப்பிடித்த மனைவியும் மட்டும் மாடிக்கு ஏறுங்கள்!

எங்கள் அசகுசாவின் ஆறாம் வட்டாரத்தில், ஒவ்வொரு படக்கொட்டகையின் வாசலிலும் நாள்தோறும் ஒலித்த வேதம் இது. தெருவில் தோளோடு தோள் உரசி நடக்கலாம், தடையில்லை. டிராம் வண்டியில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்காரலாம், குற்றமில்லை. ஆனால் நுழைவுச் சீட்டைக் கிழித்த மறுகணமே ஆணும் பெண்ணும் கெட்டுப்போவார்கள் என்று காவல் துறை கண்டுபிடித்திருந்தது! நிலநடுக்கம் வந்தது, நகரத்தை நொறுக்கியது, பன்னிரண்டு அடுக்குக் கோபுரத்தைப் பாதியில் ஒடித்துப் போட்டது. இந்தச் சட்டத்தில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்தச் சட்டத்துக்கு உருவம் மூன்று பலகைகள். ‘ஆடவர்’ என்று ஒன்று, ‘மகளிர்’ என்று ஒன்று, ‘துணையுடன் வந்தோர்’ என்று ஒன்று. முழங்கை நீளம், உள்ளங்கை அகலம், காவல் நிலையத்தில் சூடு போட்ட முத்திரை. பலகை தொங்கினால்தான் அந்தப் பகுதியில் ஆள் அமரலாம். பலகை இல்லையேல் பகுதி இல்லை. பகுதி இல்லையேல் உரிமம் இல்லை.

நீலக்கொக்குக் கொட்டகையில் மூன்றாம் பலகை இரண்டு முறை காணாமல் போயிருந்தது.

“இன்னைக்கும் போச்சுன்னா பலகை போகல, ஹிசாயே அம்மா. கொட்டகையே போச்சு,” என்றார் உரிமையாளர் இகுனோ அம்மாள். கணவரை நிலநடுக்கத்தில் பறிகொடுத்து, எரிந்த மண்ணில் தனி ஒருத்தியாய் இந்தக் கொட்டகையை மீண்டும் எழுப்பியவர். “புது இன்ஸ்பெக்டர் குராமோச்சி உத்தரவு போட்டுட்டாராம். மூணாவது தடவையும் பலகை இல்லாம காட்சி நடந்தா உரிமம் ரத்து. கான்ஸ்டபிள் வந்து சொல்லிட்டுப் போறான், என் முகத்தைக்கூட பார்க்காம.”

“இன்ஸ்பெக்டர் ஆள் எப்படி?” என்று கேட்டாள் ஹிசாயே.

“யாருக்குத் தெரியும்? வந்து நாலு மாசம் ஆகுது. இந்த வட்டாரத்துல ஒருத்தரும் அவர் மூஞ்சியைப் பார்த்ததில்ல. அவர் உத்தரவைத்தான் பார்த்திருக்கோம்.”

ஹிசாயே முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஊராரின் பொய்களை எல்லாம் காதால் கேட்டுப் பழகியதால், இப்போது அவற்றைக் கண்ணால் பிடிக்கும் தொழிலுக்கு வந்திருந்தாள். உதவியாளாக உடன் இருந்தவன் கின்பெய். நிலநடுக்கத்தில் நாடக மேடை எரிந்து போகும்வரை அதில் கோமாளி வேடம் கட்டியவன்; மேடை போனது, வேடம் போகவில்லை.

“அக்கா, எனக்கு ஒரு யோசனை,” என்றான் கின்பெய். “பலகைக்கு நாலு ஆணி அடிச்சுட்டா?”

“அடிச்சா பலகை இருக்கும். திருடன் இருக்க மாட்டான். அப்புறம் வேற எதையாவது எடுப்பான். நாற்காலி, திரை, உன் மூளை.”

“கடைசியா சொன்னதை எடுத்தா கஷ்டம் எடுத்தவனுக்குத்தான்.”

“எனக்கு அந்த ஆளே வேணும், இகுனோ அம்மா,” என்றாள் ஹிசாயே. “பலகை இன்னைக்கு சும்மா கயித்துலதான் தொங்கணும்.”

கொட்டகையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தனர். பன்னிரண்டு வீட்டு அடுப்பு இந்த ஒரு விளக்கை நம்பி எரிந்தது. ஒரு துப்பறியும் பெண்ணின் பிடிவாதத்துக்காக அதைப் பணயம் வைப்பதா? ஆயினும் இகுனோ அம்மாள் தலையசைத்தார்.

“சரி. ஆனா ஒண்ணு. இன்னைக்கும் விட்டீங்கன்னா, அந்தக் கயித்துல நான் தொங்கறேன்.”

“நீங்க எதுக்கு? கின்பெயைத் தொங்க விடலாம்.”

“அது நல்ல யோசனை,” என்றார் இகுனோ அம்மாள், அன்று முதன்முறையாகச் சிரித்து.

ஹிசாயே மாடிக்கு ஏறினாள். மாடியின் முன்வரிசைக் கைப்பிடிச் சட்டத்தில் புதிய பலகை தொங்கியது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முன்வரிசையில் அமர்ந்த எவரும் எட்டி அவிழ்க்கலாம். பின்னால், உயர்ந்த மேடைமேல், காவலருக்கென ஒரு நாற்காலி. படம் ஓடும்போதெல்லாம் ஒரு கான்ஸ்டபிள் அங்கே அமர்ந்து திரையை அல்ல, மக்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி.

“ரெண்டு தடவையும் எப்ப போச்சு?”

“ரெண்டும் புதுப்படம் போட்ட முதல் நாள்,” என்றார் இகுனோ அம்மாள். “முதல் படம் ஓடறப்ப இருக்கு. இடைவேளையில விளக்கைப் போட்டா இல்ல. கான்ஸ்டபிள் விசில் ஊதறான். மாடியில இருந்த ஜோடியெல்லாம் பிரிஞ்சு கீழ போகணும். புருஷன் இந்தப் பக்கம், பொண்டாட்டி அந்தப் பக்கம். ரெண்டாவது படம் முழுக்க மாடி காலி.”

“வாசல்ல சோதிச்சீங்களா?”

“முதல் பலகை போனதும் இகுனோ அம்மா என்னைக் கூப்பிட்டாங்க; போன தடவை நான்தான் வாசல்ல நின்னேன்!” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டான் கின்பெய். “மூட்டையைப் பிரிச்சேன், குடையை விரிச்சேன், ஆம்பளைங்க சட்டைக் கையை உதறினேன். ஒரு கிழவரோட தொப்பிக்குள்ள புறா இருந்தது. பலகை இல்ல.”

“பெண்களை?”

“அவங்க மூட்டையை இகுனோ அம்மா பார்த்தாங்க. நான் செருப்பை எடுத்துக் குடுத்து வணக்கம் சொன்னேன். அதுக்குக் கிடைச்ச மரியாதையைக் கேளுங்க! நான் இடுப்பு ஒடியற மாதிரி குனியறேன். ஒரு பெரிய வீட்டு அம்மா, கோபுரம் மாதிரி நின்னுக்கிட்டு, கண்ணை மட்டும் மூடித் திறக்கறாங்க. நான் எடுத்துக் குடுத்த செருப்பைக்கூட முட்டியை மடக்கி, நேரா உட்கார்ந்து, நேரா எழுந்து மாட்டிக்கிட்டாங்க. பட்டாளத்துப் பரேடு மாதிரி! பணக்காரத் திமிர், அக்கா. ஒரு கோமாளிக்கு முன்னால முதுகு வளையுமா?”

ஹிசாயே கயிற்றின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“யார் எடுத்திருப்பா? உன் கணிப்பைச் சொல்லு.”

“கணிப்பென்ன, வாசல்லயே நிக்கறான்!” என்றான் கின்பெய்.

உண்மைதான். கொட்டகைக்கு எதிரே, சுட்ட அரிசி அப்பம் விற்கும் கடையின் அருகே, ஒழுக்கக் காப்புக் கழகத்தின் தலைவர் தோகுசாபுரோ மேளம் கொட்டிக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் படம் பார்ப்பதே பாவம், அதிலும் அருகருகே அமர்ந்து பார்ப்பது பெரும்பாவம் என்பது அவர் கொள்கை. மூன்று பலகைகளுள் தம்பதியர் பலகை மட்டும் மறைகிறது, தம்பதியர் பிரிக்கப்படுகிறார்கள், இதனால் மகிழ்பவர் யார்? பகல் வெளிச்சம்போல் தெரியவில்லையா?

கின்பெய் நேராகப் போய் மேளத்தின்மேல் கை வைத்தான்.

“தலைவரே! பலகை எங்க?”

“என்ன பலகை? கையை எடுடா, தோல் கிழியும்!”

“தம்பதி பலகை. மேளத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?”

“நான் ஏன்டா ஒரு பலகையைத் திருடணும்? திருடறதுன்னா கொட்டகையையே திருடிக்கிட்டுப் போயி ஆத்துல போடுவேன்! அந்தப் பாவக் குகைக்குள்ள என் கால் பட்டதே இல்ல!”

“அப்படியா?” என்றாள் ஹிசாயே, அப்பம் ஒன்றை அவர்முன் நீட்டி. “போன படத்துல கதாநாயகி கடைசியில செத்துட்டாளாமே?”

“யார் சொன்னது? மீனவன் காப்பாத்திட்டான்ல!” என்ற தோகுசாபுரோ, சொல்லி முடித்த பிறகே வாயைப் பொத்தினார்.

கின்பெய் மேளத்தை இரண்டு தட்டுத் தட்டினான். “பாவக் குகையில எத்தனாவது வரிசை, தலைவரே?”

“கதவு சந்து வழியா… எதிரியைத் தெரிஞ்சுக்கணும்ல…” தலைவரின் காதுகள் சிவந்தன. “ஆனா பலகையை எடுக்கல. சத்தியம். படம் முடிஞ்சு வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தருக்கும் தலை குனிஞ்சு, ‘திருந்துங்கம்மா’ன்னு சொல்லுவேன். அவங்களும் குனிஞ்சு, ‘சரிங்க’ன்னு சொல்லிட்டு, மறுவாரம் திரும்ப வருவாங்க. மரியாதை தெரிஞ்சவங்க. ஒரே ஒரு அம்மாதான், முதல் தடவை பலகை போன அன்னைக்கு, என் வணக்கத்தை வாங்கவே இல்ல. தடி மாதிரி நேரா போயிட்டாங்க.”

“பச்சை மேலங்கியா?” என்று பாய்ந்தான் கின்பெய்.

“பச்சைதான். பைன் மரம் போட்டது.”

“அதே திமிர் புடிச்ச அம்மா! பார்த்தீங்களா அக்கா? எனக்கு மட்டும் இல்ல, இவருக்கும் அவமானம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கழகம் ஆரம்பிக்கலாம்.”

“அந்த அம்மா கொட்டகைக்குள்ள போறப்ப குனிஞ்சாங்களா?” என்று தலைவரிடம் கேட்டாள் ஹிசாயே.

தோகுசாபுரோ யோசித்தார். “போறப்பவா? போறப்ப ரொம்பப் பணிவா… இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்களே.”

ஹிசாயே அப்பத்தை அவர் கையில் வைத்தாள். சந்தேகத்தோடு வந்த இடத்தில் சாட்சியைக் கண்டுகொண்டு திரும்பினாள்.

உள்ளே மணி ஒலித்தது. ஊமைப்படத்துக்கு மேடையோரத்தில் நின்று குரல் கொடுக்கும் கதைசொல்லியின் முதல் கனைப்பு கேட்டது.

தம்பதியர் பகுதியில் ஹிசாயேயும் கின்பெயும் அமர்ந்தார்கள்.

“நான் உனக்கு யாருன்னு கான்ஸ்டபிள் கேட்டா?” என்றாள் ஹிசாயே.

“பொண்டாட்டின்னு சொல்லவா?”

“சொல்லிப் பாரு.”

“அத்தைன்னு சொல்றேன்.”

முன்வரிசையில், பலகைக்கு நேர் பின்னால், பைன் மரம் வரைந்த பச்சை மேலங்கி. நாற்பதைத் தாண்டிய அம்மையார். இடுப்பு முதல் மார்பு வரை இறுகச் சுற்றிய அகன்ற கச்சை, நிமிர்ந்த கழுத்து. பக்கத்தில் கனத்த மீசையுடன் ஒரு பெரிய மனிதர். விளக்கு அணைந்தது, வயலின் அழத் தொடங்கியது, திரையில் ஓர் ஏழைத் தாய் பனியில் நடந்தாள். மேடையோரத்தில் நின்ற கதைசொல்லி உருகி உருகிச் சொன்னார். ஆனால் கொட்டகையில் இன்னொரு கதைசொல்லியும் இருந்தார்!

“பாரு, இப்ப விழுவா,” என்றார் மீசைக்காரர், மனைவியின் காதருகே, ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. “சொன்னேன்ல? விழுந்துட்டா. அந்தக் கதவைத் தட்டுவா. திறக்க மாட்டான். ஏன் திறக்க மாட்டான் தெரியுமா? அவன் இவளோட அண்ணன். அது கடைசியிலதான் தெரியும். நான் இப்பவே சொல்றேன்.”

அம்மையார் அசையவில்லை.

“புரியுதா? புரியலன்னா கேளு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சட்டுன்னு புரியாது.”

ஹிசாயே பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேடைமேல் அமர்ந்திருந்த கான்ஸ்டபிள், மீசைக்காரர் இருமும்போதெல்லாம் முதுகை நிமிர்த்தினான். அவர் தலையைத் திருப்பினால் தொப்பியைச் சரிசெய்தான். மக்களைக் கண்காணிக்க வேண்டிய கண்கள், ஒரே ஒரு பிடரியைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

“அட!” என்று ஹிசாயே மெல்லச் சிரித்துக்கொண்டாள்.

திரையில் தாய் இறந்தாள். கொட்டகையே விம்மியது. ஆடவர் பகுதியில் கைக்குட்டைகள், மகளிர் பகுதியில் சட்டைக் கைகள்; கான்ஸ்டபிள் தொப்பியால் முகத்தை மூடினான்; மீசைக்காரரும் பேச்சை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். கின்பெய் ஹிசாயேயின் மேலங்கியிலேயே கண்ணைத் துடைத்தான். அழாத பெண்கள் அங்கே இருவர்தாம். ஒருத்தி ஹிசாயே. மற்றொருத்தியின் கைகள் கயிற்றை அவிழ்த்தன, பலகை இறங்கியது, மேலங்கி லேசாகத் தூக்கப்பட்டது, முதுகில், கச்சைக்குள், வாளை உறையில் இடுவதுபோல் பலகை வழுக்கி மறைந்தது.

விளக்கு எரிந்தது. விசில் அலறியது.

“பலகை இல்ல! துணையுடன் வந்தோர் பகுதி காலி பண்ணணும்!” என்று கத்தினான் கான்ஸ்டபிள்.

வாசலிலிருந்து ஓடிவந்த இகுனோ அம்மாள், வெறுங்கயிற்றைக் கண்டு தூணைப் பிடித்துக்கொண்டார். பச்சை மேலங்கி அம்மையார் மகளிர் படிக்கட்டை நோக்கி விரைந்தார். ஹிசாயே அவர்முன் சென்று நின்று, முறைப்படி, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

அம்மையார் கண்களை மூடித் திறந்தார்.

“மன்னிக்கணும் அம்மா. நான் குனிஞ்சு வணக்கம் சொன்னா, நீங்களும் குனிஞ்சு சொல்றதுதானே முறை?”

“இடுப்பு… வலி.”

“உள்ள வரும்போது இல்லாத வலி?” ஹிசாயேயின் குரல் தாழ்ந்தது. “என்னோட உதவியாள் அதைத் திமிர்னு நினைச்சான். வாசல்ல மேளம் கொட்டறவரும் அப்படித்தான். பெரிய வீட்டு அம்மா குனியலன்னா நம்ம ஊர்ல வேற எதுவும் யாருக்கும் தோணாது. முதுகுல மரம் இருந்தா குனிய முடியாதுன்னு மட்டும் தோணாது.”

அம்மையார் நீண்ட மூச்சு விட்டார். ஆச்சரியம்! அவர் அஞ்சவில்லை, ஆறுதல் அடைந்தவர்போல் இருந்தார்.

“இருபத்திரண்டு வருஷமா அவர் எனக்கு விளக்கிக்கிட்டே இருக்காரும்மா,” என்றார். “செய்தித்தாளை விளக்குவாரு. மழையை விளக்குவாரு. நான் வெச்ச குழம்பை எனக்கே விளக்குவாரு. படத்துக்கு வந்தா, மேடையில ஒருத்தர் சொல்றாரு, என் காதுல இவர் சொல்றாரு. பலகை இல்லாத அன்னைக்குத்தான் சட்டப்படி என்னைத் தனியா விடறாங்க. ஒரே ஒரு படம். நானா பார்த்து, நானா அழுது, நானா சிரிச்சு…”

“முன்னால எடுத்த ரெண்டு பலகையும்?”

“முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டிக்கு மூடியா போட்டிருக்கேன். எழுத்து உள்பக்கம். தினமும் அவர்தான் அதைத் தூக்கி எடுத்துச் சாப்பிடறாரு.”

ஹிசாயேவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆயினும் அவள் கண் இகுனோ அம்மாளிடம் சென்றது.

“நான் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா அங்க தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்களும் உங்களை மாதிரி ஒரு பொம்பளை. இந்தக் கொட்டகையைத் தவிர அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் கிடைச்ச அந்த ஒரு படத்தோட விலையை அவங்க குடுக்கப் போறாங்க. முடிவு உங்களோடது.”

அம்மையார் பதில் சொல்லும் முன்னே இடிமுழக்கம் கேட்டது.

“யாரும் நகரக் கூடாது!” மீசைக்காரர் கைப்பிடிச் சட்டத்தில் கையூன்றி நின்றார். “நான் இன்ஸ்பெக்டர் குராமோச்சி! மூணு தடவையும் சாதாரண உடையில வந்து, என் கண்ணாலயே பார்த்தேன். ஒழுங்கு இல்லாத கொட்டகை! இந்த நிமிஷத்தோட உரிமம் ரத்து! பலகையைத் திருடினவன் யாராயிருந்தாலும் பிடிச்சு, அவன் பேரைப் பத்திரிகையில போட்டு, குடும்பத்தோட மானத்தை…”

“நிறுத்துங்க.”

சொன்னவர் அவருடைய மனைவி. மெல்லிய குரல்தான்; ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த குரல். கொட்டகை முழுவதும் நிமிர்ந்து பார்க்க, அவர் மேலங்கியைத் தோளிலிருந்து நழுவவிட்டார். கையைப் பின்னால் கொண்டுபோனார். கச்சைக்குள்ளிருந்து பலகையை உருவினார். ‘துணையுடன் வந்தோர்’ என்ற எழுத்துகள் விளக்கொளியில் பளிச்சிட்டன.

“மினேகோ!” என்றார் இன்ஸ்பெக்டர். அதற்குமேல் அவருக்கு விளக்கம் ஏதும் கிடைக்கவில்லை.

“பேரைப் பத்திரிகையில போடுங்க. குராமோச்சி மினேகோ. எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லுங்க. இந்தக் கொட்டகைக்கார அம்மா எந்தத் தப்பும் பண்ணல. உங்க சட்டம் ஆம்பளையையும் பொம்பளையையும் எதுக்குப் பிரிக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது என்னை உங்ககிட்ட இருந்து பிரிச்ச ரெண்டு நாளும், சத்தியமா சொல்றேன், ரொம்ப நல்லா இருந்தது!”

மகளிர் பகுதியில் ஒருத்தி கைதட்டினாள். பின் பத்துப் பேர். பின் பகுதியே எழுந்து நின்று தட்டியது. ஆடவர் பகுதியில் சிரிப்பு வெடித்தது. சிலர் மட்டும் தத்தம் மீசையைத் தடவியபடி மகளிர் பகுதியில் மனைவியைத் தேடினர்.

குராமோச்சி பலகையை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். தம் நிலையத்தில் போட்ட சூடு! உரிமத்தை ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பெயர் எழுத வேண்டும். அவர் பலகையைத் தாமே கயிற்றில் கட்டினார்.

“பலகை இருக்கு,” என்றார் கரகரத்த குரலில், இகுனோ அம்மாளிடம். “விதிமீறல் ஏதும் இல்ல. காட்சி நடக்கட்டும்.”

இகுனோ அம்மாள் குனிந்தார், எழ நெடுநேரமாயிற்று. எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது. மினேகோ அம்மையார் இப்போது முதுகு வளைய, மனம் நிறைய, பதில் வணக்கம் சொன்னார். கின்பெய்க்கும் தனியாக ஒன்று. பிறகு மேலங்கியை எடுத்துக்கொண்டு, மகளிர் படிக்கட்டில் தாமாகவே இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் தனியே அமர்ந்தார். அப்போது பின்னாலிருந்த காவலர் மேடையிலிருந்து பூட்ஸ் ஒலி நெருங்கியது. கான்ஸ்டபிள் விறைத்து நின்று சலாம் அடித்தான்.

“ஐயா… மன்னிக்கணும் ஐயா. இது துணையோட வந்தவங்க பகுதி. ஐயாவுக்கு இப்ப… துணை இல்ல.”

“நான் வேணா ஐயாவுக்குத் துணையா உட்காரட்டுமா?” என்றான் கின்பெய், மிகுந்த பணிவோடு.

குராமோச்சி அவனைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார், தாம் கட்டிய பலகையைப் பார்த்தார். எழுந்தார். சட்டம் தன் சொந்தக் கால்களால் படியிறங்கி, ஆடவர் பகுதியின் கடைசி வரிசையில், ஒரு வண்டிக்காரனுக்கும் ஒரு மீன் வியாபாரிக்கும் நடுவே போய் உட்கார்ந்தது.

இகுனோ அம்மாள் கையை உயர்த்தினார். விளக்குகள் அணைந்தன. இரண்டாவது படம் தொடங்கியது: ஒரு சோம்பேறி, ஓர் ஏணி, ஒரு வாளி வண்ணக் குழம்பு. கதைசொல்லி வாயைத் திறக்கவுமில்லை, ஏணி ஆடவுமில்லை. அதற்குள் மகளிர் பகுதியிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது, எவரும் எதையும் விளக்குவதற்கு முன்பே.